மெழுகுப் பல்

வெள்ளைக் கோட்டுக்காரர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் தெரு நாய்கள்கூட அவர்களைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டன. எனக்குத்தான் பழகவில்லை. சென்னை ஓரத்து நூம்பலில் எங்கள் தெருவை ஒரு பல் மருத்துவக் கல்லூரி தத்தெடுத்திருக்கிறது. யாரைக் கேட்டுத் தத்தெடுத்தார்கள் என்று தெரியாது. ஒருநாள் வந்து தெருமுனையில் பலகை நட்டார்கள். அதில் கல்லூரிப் பெயர் பெரிதாக இருக்கும், எங்கள் தெருப் பெயரைக் கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்க வேண்டும்.

ஆரம்பத்தில் வருஷத்துக்கு ஒருமுறை வந்து, ஆளுக்கொரு பிரஷும் பேஸ்ட்டும் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. அப்புறம்தான் சேவையைப் பாடத்திலேயே சேர்த்துவிட்டார்களாம். ஜனங்களுக்கு நல்லது செய்வதற்கும் மார்க். படிக்கிற பிள்ளைக்குத் தலைக்கொரு குடும்பம். கடைசி வருஷப் பரீட்சைக்கு அழைத்துப் போகிற நோயாளியும் தத்தெடுத்த தெருவிலிருந்துதான் வர வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது எங்கள் வீட்டுக்குச் சனியன்.

என் அம்மா வேம்புலியம்மாள். நூம்பல் வயலாக இருந்தபோது நடவுக்குப் போனாள். அதே வயலில் பிளாட் எழும்பியதும் அங்கே மாடிப்படி பெருக்கப் போனாள். ஆனால் தெருவில் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது சண்டைதான். தண்ணீர் லாரிக்காரன் பாதித் தெருவோடு திரும்பிப் போனால், கவுன்சிலர் சாக்கடையைத் தோண்டிப் போட்டுவிட்டு மறந்தால், ரேஷன் கடையில் பருப்பு இல்லை என்று சொன்னால், எங்கள் வீட்டு வாசலில்தான் ஆள் வந்து நிற்கும். "அருளு, உங்கம்மாவைக் கொஞ்சம் அனுப்பேன்" என்பார்கள். அம்மா கொண்டையை முடிந்துகொண்டு போவாள். கால் மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடும். அவள் வாயைப் பற்றி எனக்குச் சின்ன வயதில் வெட்கம் இருந்தது. பிறகு பெருமை வந்தது.

கொரோனா முடிந்த அடுத்த வருஷம் கோயில் மண்டபத்தில் முகாம் போட்டார்கள். அம்மா புகையிலை போடுகிறவள், ஈறு கெட்டுப்போயிருந்தது உண்மைதான். சில பற்கள் ஆடின. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் முத்து முத்தாகப் புது செட் இலவசமாகக் கட்டித் தருகிறோம் என்றார்கள். அம்மா சம்மதித்தாள். கல்லூரி பஸ்ஸில் கூட்டிப் போய்க் கூட்டிப் போய், ஆடியது ஆடாதது எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார்கள். இத்தனை பல் பிடுங்கினால்தான் மார்க் என்று அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு இருக்கிறதாம், அது பிற்பாடு தெரிந்தது. செட் மட்டும் வரவில்லை. அடுத்த வருஷமும் பிரஷ் கொடுக்க வந்தார்கள். பல்லே இல்லாதவள் கையில் பிரஷ்ஷைத் திணித்துச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள்.

சண்டையில் பாதி பல்லில்தான் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பல் போன பிறகு ஒருநாள் அம்மா லாரிக்காரனிடம் போய் நின்றாள். வழக்கம்போல ஆரம்பித்தாள். காற்றுத்தான் வந்தது. லாரிக்காரன் சிரித்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். வரிசையில் நின்ற எங்கள் தெருப் பொம்பளைகளும் சிரித்தார்கள். காலிக் குடத்தோடு வீட்டுக்கு வந்தவள் அப்புறம் எந்தச் சண்டைக்கும் போகவில்லை. பேசும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்ள ஆரம்பித்தாள். ரசத்தில் குழையப் பிசைந்த சோறு, கஞ்சி, அதைவிட்டால் டீயில் ஊறின பன். ஜாக்கெட்டையெல்லாம் உள்ளே பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று. எனக்கு என் அம்மாவின் வாய் திரும்ப வேண்டும். வேறொன்றும் வேண்டாம் அந்தக் கல்லூரியிடமிருந்து.

பரீட்சைக்கு ஆள் தேடி முதலில் வந்தவன் அபிஷேக். தங்கமான பையன் மாதிரி இருந்தான். ஆயா, ஆயா என்று காலைச் சுற்றினான். அளவெடுத்தான், மெழுகில் பற்களை அடுக்கி வாயில் வைத்துப் பார்த்தான். பரீட்சையன்று ஆட்டோ வைத்துக் கூட்டிப்போய் மத்தியானம் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். அவள் அதை எப்படித் தின்பாள் என்று யோசிக்கவில்லை. சாயங்காலம் பல்லில்லாமல் வீட்டில் கொண்டுவந்து விட்டான். மெழுகை எடுத்துவிட்டுக் கெட்டிப் பொருளை வைத்து வேகவைக்க வேண்டும், அப்போதுதான் நிரந்தரப் பல்லாகும், கொஞ்ச நாளில் தருகிறேன் என்றான். மெழுகோடு பரீட்சை முடிந்துவிடுகிறது. வேகவைத்தாலும் வைக்காவிட்டாலும் மார்க் ஒன்றுதான். பிறகு அவன் போன் எடுக்கவே இல்லை. மறுவருஷம் மோகனப்பிரியா என்று ஒருத்தி. அவளும் அளவெடுத்தாள், மெழுகை வைத்தாள், பாஸ் ஆனதற்கு இனிப்புப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தாள், காணாமல் போனாள்.

இந்த வருஷம் ரோஷினி வந்தாள். சென்னீர்குப்பத்தில் ஏதோ பெரிய அடுக்குமாடியில் குடியிருக்கிறாள். அப்பா ஐ.டி.யில் இருக்கிறாராம், மதுரைப் பக்கமிருந்து வந்தவர்கள். நான் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன்.

"அக்கா, வேம்புலியம்மா வீடுதானே? நான் ரோஷினி. ஃபைனல் இயர். உங்க வீட்டை எனக்கு அலாட் பண்ணிருக்காங்க."

"இந்த ஊட்டைக் கட்டுனது எங்க நைனா. உனுக்கு அலாட் பண்ண அவங்க யாரு?"

அவள் முகம் சிவந்தது. ஆனாலும் நகரவில்லை. "அம்மாவோட ஈறு ரொம்ப நல்லா இருக்கும்னு சீனியர்ஸ் சொன்னாங்க அக்கா. மேடா, கெட்டியா. செட் அப்படியே கவ்விப் பிடிக்கும். அந்த மாதிரி ஈறு கிடைக்கிறதே கஷ்டம்."

மனை வாங்க வந்தவள் மாதிரி என் அம்மாவின் வாயைப் பற்றிப் பேசினாள். எனக்கு வந்த கோபத்தில் கதவைச் சாத்தியிருப்பேன். ஆனால் பின்னாலிருந்து அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். திரும்பிப் பார்த்தால், அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறாள், சரி சரி என்று. ரெண்டு தடவை ஏமாந்தவள் மூன்றாவது தடவையும் தலையாட்டுகிறாள்.

"பல்லைக் கையில குடுத்துட்டு அப்பால பரிச்சைக்குக் கூட்டிக்கினு போ" என்றேன்.

"அது முடியாதுக்கா. மெழுகுல இருக்கும்போதுதான் எக்ஸாமினர் பாத்து மார்க் போடுவார். முடிஞ்சதும் ரெண்டு வாரத்துல வேகவெச்சுக் கொடுத்துடுவேன்."

"இதையேதான் முன்னாடி வந்ததுங்களும் சொல்லிச்சு."

"நான் அவங்க இல்லக்கா. எங்கம்மா மேல சத்தியமா முடிச்சுக் கொடுப்பேன்."

அம்மா மறுபடி புடவையை இழுத்தாள். பரீட்சையன்று நானும் கூடவே வருவேன் என்ற நிபந்தனையோடு விட்டேன்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வாஷர் வாஷராகப் பார்த்து, விரிசல் உள்ளதை எடுத்து ஓரமாகப் போடுவது என் வேலை. மனிதர்களையும் எனக்கு அப்படித்தான் பார்க்க வரும். ரோஷினியிடமும் தேடினேன். ஒழுங்காக வந்தாள், ஒழுங்காக அம்மாவைக் கூட்டிப்போனாள். வெயிலில் ஆட்டோ கிடைக்காத அன்று தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பரீட்சையன்று லீவு போட்டுவிட்டுப் போனேன். பெரிய ஹால். வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் பொக்கை வாயோடு ஒரு கிழமோ கிழவியோ. பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள், எங்கள் தெருவும், அவர்களே தத்தெடுத்த பின் தெருவும். நாற்காலிக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்ட பிள்ளைகள் உதறலோடு நின்றார்கள். ரோஷினி மேலேயும் கீழேயும் மெழுகு செட்டை அம்மாவின் வாயில் பொருத்தினாள்.

"அழுத்திக் கடிக்காதீங்க ஆயா. வெறும் மெழுகுதான், வாய்ச் சூட்டுக்கே இளகிடும். எக்ஸாமினர் திறக்கச் சொன்னா மட்டும் திறங்க."

பிறகு கண்ணாடியைக் கொடுத்தாள். அம்மா வெகுநேரம் பார்த்தாள். ஒட்டிப்போன கன்னம் மேலே வந்திருந்தது. பழைய முகம். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"காலைல எதுனா துன்னியா, இல்ல அப்டியே ஓடியாந்தியா?"

ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக விழுந்தது. காற்று இல்லை, கொழகொழப்பு இல்லை. எத்தனை நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நிமிஷம் ரோஷினியைக்கூட எனக்குப் பிடித்திருந்தது. அழுவதை அம்மா பார்த்தால் திட்டுவாள் என்று தண்ணீர் குடிக்கிற சாக்கில் வராந்தாவுக்கு வந்தேன்.

தண்ணீர்க் குழாயில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரோஷினி ஏதோ எடுக்க வெளியே ஓடிவந்தாள். ஜூனியர் பெண் ஒருத்தி அவளை மறித்தாள். கோட்டில் நிஷா என்று பெயர் குத்தியிருந்தது. நான் மறைந்தெல்லாம் நிற்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றேன். அவர்கள் என்னை ஒரு ஆளாக எண்ணவில்லை, அவ்வளவுதான்.

"அக்கா, ஆயா செட்டை வேகவெச்சுக் கொடுத்துடாதீங்கக்கா, ப்ளீஸ். அடுத்த வருஷம் எனக்கு வேணும்."

"ஏய், இப்ப எதுக்குடி இது?"

"பல்லு கையில கிடைச்சுட்டா அப்புறம் எந்தப் பேஷண்ட்டுக்கா திரும்பி வருவாங்க? மோகனப்பிரியா அக்கா உங்களுக்காகத்தானே முடிக்காம விட்டு வெச்சாங்க. எனக்கு மட்டும் ஏன் இப்படிப் பண்றீங்க?"

நான் ரோஷினியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா மேல் சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம்.

"எக்ஸாம் முடியட்டும்டி. பாத்துக்கலாம்" என்றாள்.

பல்லை அவர்கள் மறந்துபோய் விடவில்லை. சோம்பலில் விடவில்லை. என் அம்மாவைப் பொக்கை வாயோடு வைத்திருப்பது ஒரு ஏற்பாடு. ஒரு வருஷத்துப் பிள்ளை அடுத்த வருஷத்துப் பிள்ளைக்குச் செய்கிற உபகாரம். நல்ல ஈறு, கெட்டி ஈறு, அதை வீணாக்காமல் கைமாற்றி விடுகிறார்கள். டம்ளரை வைத்துவிட்டு நேராக ஹாலுக்குள் போனேன். அம்மாவின் காதில் குனிந்து, கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

ரோஷினி உள்ளே வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். மார்க் போடுகிற டாக்டரும் வந்து சேர்ந்தார். பரந்தாமன் என்று பெயர், வெளியூர்க் கல்லூரிக்காரர், எல்லோரும் அவரைக் கண்டு சார் சார் என்று ஒதுங்கினார்கள்.

"வாயைத் திறங்கம்மா" என்றார்.

அம்மா திறக்கவில்லை. ரோஷினி குனிந்து, "ஆயா, திறங்க ஆயா" என்று கெஞ்சினாள். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ எனுக்குப் பல்லை முடிச்சிக் குடுப்பியா, இல்ல அந்தப் பொண்ணுக்கு உட்டு வெப்பியா? அத்த மட்டும் சொல்லு."

ரோஷினி என்னைப் பார்த்தாள். புரிந்துவிட்டது அவளுக்கு. உடனே டாக்டரைப் பார்த்தாள். "அதெல்லாம் அப்புறம் பேசலாம் ஆயா."

"இன்னாடி அப்பறம்?" என்றாள் அம்மா.

அந்த ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. லாரிக்காரனை நடுங்கவைத்த அதே குரல். அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள், கழுத்தில் கட்டியிருந்த துணியைப் பிடுங்கி எறிந்தாள்.

"அப்பறம் அப்பறம்னுதானே வருசா வருசம் வாயில மெயுகை வெச்சி வெச்சி எடுத்துக்கினு கீறீங்க. என் வாய் இன்னா உங்க காலேசு பெஞ்சா, ஆளாளுக்கு வந்து குந்தி எய்திப் பயகறதுக்கு? ஆடாத பல்லையும் சேத்துப் புடுங்கினீங்களே, அதுக்கு மார்க்கு வாங்குனீங்கல்ல? அது பத்தலியா? கையில பிரசு குடுத்தியே, எத்தத் தேய்க்கச் சொல்லிக் குடுத்த? தெருவைத் தத்து எடுத்தானுங்களாம். தத்து எடுத்த புள்ளைக்குப் பல்லைப் புடுங்கிட்டு பிரியாணி வாங்கிக் குடுக்கறவன் எந்த ஊர்ல கீறான்? பரிச்சைக்கார ஐயா, நீயே சொல்லு. இதுங்க நாளைக்கு டாக்டருங்களாம். எனுக்கு வெக்கமா கீது, உங்களுக்கு இல்ல?"

பக்கத்து நாற்காலியில் இருந்த கிழவர் திறந்த வாயை மூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பரந்தாமன் ஏதோ சொல்ல முயன்றார். அம்மா விட்டால்தானே. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள், பல காலமாகச் சேர்த்து வைத்திருந்ததை. அவள் பேசப் பேச மெழுகு இளகிக்கொண்டிருந்தது என் புத்திக்கு உறைக்கவில்லை.

முதலில் ஒரு முன்பல் அவள் மடியில் விழுந்தது. அம்மா நிறுத்தவில்லை. அடுத்தது கன்னத்தோரம் தொங்கியது. ரோஷினி இரண்டு கையையும் சேர்த்து அம்மாவின் தாடைக்குக் கீழே நீட்டினாள், விழுகிற பற்களைப் பிடிப்பதற்கு. அவள் கண்ணிலிருந்தும் வழிந்துகொண்டிருந்தது. கை நிறைய அந்தப் பற்கள். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் போயின. அம்மா ரோஷினியின் முகத்துக்கு நேரே குனிந்து கடைசியாக ஏதோ சொன்னாள். கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். காற்றுத்தான் வந்தது.

"இந்தக் கேஸை என்னால பாக்க முடியாது" என்றார் பரந்தாமன். யாரையும் பார்க்காமல் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார். அந்தக் கிழவர் உடனே வாயை அகலமாகத் திறந்தார். அத்தனை பேரும் திறந்தார்கள். எங்களோடு ஒருத்தர் எழுந்து வரவில்லை. எங்கள் தெருக்காரர்கள் மேல் எனக்குக் காறித் துப்பலாம் போல இருந்தது. அவர்களுக்கும் பல் வேண்டும் என்பது நடந்து வெளியே வந்த பிறகுதான் மனதில் பட்டது.

கல்லூரி வாசலில் ரோஷினி பின்னாலேயே ஓடிவந்தாள். கோட்டைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள்.

"நான் ஃபெயில். அடுத்த எக்ஸாமுக்கு ஆறு மாசம் ஆகும். இப்ப சந்தோஷமா உங்களுக்கு?"

"சந்தோசந்தான்" என்றேன்.

"நான் முடிச்சுக் கொடுத்திருப்பேன்."

"குடுக்கறவ அந்தப் பொண்ணாண்ட முடியாதுன்னு சொல்லிருப்ப."

"அவ ஜூனியர். அங்க நின்னு சண்டை போடச் சொல்றீங்களா, எக்ஸாம் அன்னிக்கு? நான் கொடுத்திருப்பேன். உங்களால இப்ப உங்கம்மாவுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. இனிமே காலேஜ்ல யாரும் உங்கம்மாவைக் கூப்பிட மாட்டாங்க."

அவளை அறைந்துவிடலாம் என்று கை வந்தது. அடக்கிக்கொண்டேன். ஒருவேளை கொடுத்திருப்பாளோ என்னவோ. அந்தச் சந்தேகத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாளே என்பதற்காகவும் அவளை வெறுத்தேன். அவளும் என்னை அப்படித்தான் பார்த்தாள்.

வேலப்பன்சாவடியில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றோம். மேம்பாலத்தின் கீழே தூசியும் ஹாரனும் காதை அடைத்தன. அம்மா முந்தானையால் வாயை மூடியிருந்தாள். இன்றைக்கும் கஞ்சிதான் என்று நினைத்தேன். நாளைக்கும். அவசரப்பட்டு வந்து காதில் ஓதாமல் இருந்திருந்தால் என்று நினைப்பு ஓடியது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பணம் கொடுத்துச் செட் கட்டிக்கொள்ள எங்களால் ஆகாது. அதை அம்மாவும் அறிவாள்.

அம்மா என் கையைச் சுரண்டினாள். முந்தானையை விலக்கி, என் காதருகே வந்து, கொழகொழவென்று கேட்டாள். வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகியதால் எனக்கு மட்டும் அந்தப் பேச்சு புரியும்.

"அல்லாருக்கும் கேட்டுச்சா?"

"ஹாலு முச்சூடும் கேட்டுச்சும்மா. அந்த ஐயா மூஞ்சி செத்துப்போச்சி."

அவள் கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது. லாரிக்காரனை விரட்டிவிட்டு வரும் நாட்களில் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தாள். மறுபடி சுரண்டினாள்.

"கடசியா அந்தப் பொண்ணாண்ட ஒண்ணு சொன்னேன் பாரு. அதான் முக்கியம். அது கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா, நல்லா கேட்டுச்சு" என்றேன்.

அவள் கடைசியாகச் சொன்னது எனக்கே கேட்கவில்லை.